இரண்டு கட்சிக்காரர்களுக்கு நடுவே

தேவகோட்டைக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாசகி ஒன்பது பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

கணவருக்கு 46 வயது. 19 வருடமாக உள்ளூர் கோர்ட்டுகளில் வக்கீல். பாகப்பிரிவினை, வாடகை, எல்லைத் தகராறு, அவ்வப்போது ஜாமீன் மனு. ஆறு வருடமாக ஒரு கட்சியில் இருக்கிறார். வழக்கறிஞர் அணியில் பொறுப்பும் உண்டு. அடுத்த சட்டமன்றத் தேர்தலில் நிற்க ஆசைப்படுகிறார். சீட் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒருவர் 15 லட்சம் கேட்கிறார். செலவுக்கு மூன்று கோடி வேண்டும் என்று ஊரில் கணக்குப் போடுகிறார்கள். பூர்வீக வீட்டில் தங்கள் புள்ளிக்கு (கல்யாணமான ஒரு ஜோடியின் குடும்பத்தை அந்தப் பக்கம் புள்ளி என்பார்கள்) உள்ள பங்கை விற்பது, மனைவியின் கழுத்துருவையும் (அந்தப் பக்கத்துத் தாலி நகை) மற்ற நகைகளையும் அடகு வைப்பது என்று பேச்சு ஓடுகிறது. மகள் பிளஸ் டூ, மகன் ஒன்பதாம் வகுப்பு.

கேள்விகள்: ஜெயித்தால் சன்னத்தை (வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமத்தை) ஒப்படைக்க வேண்டுமா? வீட்டை அவர் தனியாக விற்க முடியுமா? வேட்புமனுவில் என் நகையை எதற்குக் காட்ட வேண்டும்? மறியலில் போட்ட இரண்டு கேஸ் அவரைத் தடுக்குமா? தோற்றால் கடன் என் தலையில் விழுமா? "அவுக மறுபடி கோர்ட்டுக்குத் திரும்ப முடியுமா?" பின்குறிப்பில் ஒரு வரி: "போன மாசம் என் பேர்ல உள்ள செக் ரெண்டுல கையெழுத்து மட்டும் வாங்கிக்கிட்டாக. தொகை எழுதலை, அதனால பயமில்லைன்னாக."

ஆச்சி, வணக்கம். வயதில் நான் மூத்தவனாகத்தான் இருப்பேன், ஆனாலும் உங்கள் பக்கத்து வழக்கப்படி ஆச்சி ஆச்சிதான். நானும் தேவகோட்டையில் ஜூனியராகக் கறுப்புக் கோட்டு போட்டுத் தொடங்கியவன். பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்துவிட்டேன். ஒரே ஒருமுறை பார் அசோசியேஷன் பொருளாளர் தேர்தலில் நின்று 11 ஓட்டில் தோற்றேன். அந்த 11 பேர் யார் என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு. ஆகையால் உங்கள் வீட்டுக்காரரின் ஆசையைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது.

முதலில் ஒன்று. கடிதம் முழுக்க அவருக்குப் பதவி மோகம் பிடித்துவிட்டது என்கிறீர்கள். ஆனால் ஆறாவது பக்கத்தில், "ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்டேஷன்லேர்ந்து யாராச்சும் போன் பண்ணினாலும் சட்டையை மாட்டிக்கிட்டுப் போயிருவாக, பீஸும் கேக்க மாட்டாக" என்று எழுதியிருக்கிறீர்கள். சின்ன ஊரில் ஒரு வக்கீல் அரசியலுக்குள் போவது இப்படித்தான். தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், பத்திரப் பதிவு ஆபீஸ் மூன்றிலும் வாசல் தெரிந்த ஆள் ஊரில் அவர் ஒருவர்தான். ஊர் அவரைத் தலைவராக்கிப் பல வருடம் ஆன பிறகுதான் அவருக்கே அந்த நினைப்பு வருகிறது.

இதற்கு முன்னோடிகளும் உண்டு. ராஜாஜி 1900ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1911ல் நகராட்சி உறுப்பினர், 1917ல் நகராட்சித் தலைவர். உங்கள் எல்லையிலேயே இருக்கும் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தியும் வக்கீல்தான். 1939ல் சென்னை மேயரானார். தேவகோட்டைக் கோர்ட்டுக்கும் அரசியல் புதிதல்ல. 1942 ஆகஸ்டில் கூட்டம் தீ வைத்தது அந்தக் கோர்ட்டுக்குத்தான். ஆகவே, அவர் போகும் வழி தப்பென்று நான் சொல்லவில்லை. 15 லட்சம், மூன்று கோடி, கழுத்துரு என்று அதற்குப் பேசும் விலைதான் எனக்கு உறுத்துகிறது.

சன்னத்து எங்கும் போகாது

ஜெயித்தால் வக்கீல் தொழிலை விட்டுவிட வேண்டும் என்று யாரோ உங்களிடம் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். பார் கவுன்சில் விதி 49, வக்கீல் ஒருவர் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்கிறது. எம்.எல்.ஏ., எம்.பி. வாங்கும் சம்பளமும் இதில் அடங்குமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 செப்டம்பர் 25 அன்று, அடங்காது, அவர்கள் வக்கீலாகத் தொடரலாம் என்று தீர்ப்பு வந்துவிட்டது. அமைச்சரானால் மட்டும் கதை வேறு; அப்போது கோட்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அந்தக் கவலையை அமைச்சரான பிறகு படலாம்.

அரசியலால் சன்னத்தைப் பறிகொடுத்த வக்கீல் என்றால் வ.உ.சி.தான் நினைவுக்கு வருவார். ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் தொழில் செய்தவர். 1908 தண்டனையோடு சன்னத்தும் போனது. 1912 கடைசியில் வெளியே வந்த பிறகு அரிசிக் கடை, மண்ணெண்ணெய் வியாபாரம் என்று பட்ட பாடு ஊரறிந்தது. வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னத்து திரும்பக் கிடைத்தபோது, அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்றே பெயர் வைத்தார். தொழில் போவது என்றால் ஒரு வக்கீலுக்கு என்ன என்பது அந்தப் பெயரில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு ஆபத்து தேர்தலில் நிற்பதால் வராது. வந்தால் தேர்தலில் செய்யும் காரியத்தால்தான் வரும். ஓட்டுக்குப் பணம் கொடுத்த குற்றத்துக்கு வெறும் அபராதம் விதித்தால்கூட, தீர்ப்பு நாளிலிருந்து ஆறு வருடம் தேர்தலில் நிற்க முடியாது. வழக்கறிஞர் சட்டத்தின் 35ஆவது பிரிவில் ‘தொழில் ஒழுங்கீனம் அல்லது பிற ஒழுங்கீனம்’ என்று இருக்கிறது. அந்தப் ‘பிற’வுக்குள் இதுவும் வரலாம். "எல்லாரும் கொடுக்குறாங்க சார்" என்று பார் கவுன்சில் முன்னால் நின்று வாதாட முடியாது.

ஒரே சொல், இரண்டு ஆட்கள்

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. வக்கீலிடம் கேஸ் கொடுப்பவரும் கட்சிக்காரர், கொடி பிடிப்பவரும் கட்சிக்காரர். கோர்ட் வாசலில் "உங்க கட்சிக்காரர் வந்திருக்கார்" என்றால் யார் வந்திருக்கிறார் என்று இனி உங்கள் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வரும். என் அனுபவத்தில், சின்ன ஊர் வக்கீல்கள் அரசியலில் வழுக்குவது இந்த இரண்டு கட்சிக்காரரையும் ஒன்றாகக் கட்டும் இடத்தில்தான்.

19 வருடத்தில் அவர் எத்தனையோ குடும்பத்துப் பாகப்பிரிவினை பார்த்திருப்பார். அத்தனை பேரும் ஓட்டுப் போடுவார்கள் என்று கணக்குப் போடுகிறார் என்கிறீர்கள். வழக்கு என்றால் இரண்டு தரப்பு. ஒரு வளவுக்குள், அதாவது ஒரே பொது வீட்டுக்குள், அண்ணனுக்காக வாதாடி ஜெயித்தால் தம்பி வீட்டு ஐந்து ஓட்டு எதிர்ப்பக்கம் போகும். ஜெயித்த அண்ணனும் மேடையேறி வந்து நன்றி சொல்ல மாட்டார். கோர்ட்டுக்குப் போனதையே வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற ஊர் நம் ஊர். விவாகரத்து வாங்கிக் கொடுத்த பெண்ணுக்கு நன்றி நிறைய இருக்கும், ஆனால் அது வாய் திறக்காது. இன்னொன்றும் உண்டு. உங்கள் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. சொந்தபந்தமெல்லாம் சென்னையிலும் வெளிநாட்டிலும். கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் வந்து கூடும் கூட்டத்தைப் பார்த்து ஓட்டு எண்ணக் கூடாது.

ஓட்டை விட்டுத்தள்ளுங்கள். விதி என்ன சொல்கிறது? கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 126ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 132ஆவது பிரிவு. வழக்கு முடிந்தாலும் அந்தக் கடமை முடியாது. ஆகவே, தெருமுனைக் கூட்டத்தில் "இன்ன ஆளுக்கு நான்தான் வீட்டை மீட்டுக் கொடுத்தேன்" என்று பேசுவது ரகசியத்தை உடைப்பது, கூடவே விளம்பரம். விதி 36 வக்கீல் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அதே விதியில், பெயர்ப் பலகை அளவாக இருக்க வேண்டும், எந்த அமைப்போடும் தொடர்பைக் காட்டக் கூடாது என்றும் இருக்கிறது. ஆபீஸ் போர்டில் கட்சிக் கொடி நிறத்தில் கோடு போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் பெயின்டரைக் கூப்பிட்டு அழித்துவிடச் சொல்லுங்கள். ஐந்நூறு ரூபாய் வேலை.

விதி 10 வக்கீல்களே மறந்துபோகிற ஒன்று. தன் கட்சிக்காரருக்குத் தானே ஜாமீன்தாரராக நிற்கக் கூடாது. மறியலில் பிடிபட்ட பையன்களுக்காக "அண்ணே, நீங்களே ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று வருவார்கள். ஒன்று வக்காலத்து, இல்லையென்றால் ஜாமீன், இரண்டும் கூடாது.

தேர்தல் வந்தால் கையில் உள்ள கேஸ் கட்டுகள் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். 2021ல் மார்ச் 12 அறிவிக்கை, ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. அடுத்து சிவில் கோர்ட்டுக்கு மே விடுமுறை. வேட்பாளர் தேர்வுக்கு ஓடுகிற மாதங்களையும் சேர்த்தால் அரை வருடம் வாய்தாதான். பத்து வருடமாகத் தீர்ப்புக்குக் காத்திருக்கிற கிழவிக்கு அது பெரிய தண்டனை. விட வேண்டிய வழக்கை முறையாக அறிவிப்புக் கொடுத்து விட்டு, செய்யாத வேலைக்கு வாங்கிய பீஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விதி 12 சொல்வது இதுதான். நம்பகமான ஒரு ஜூனியர் இருக்கிறாரா? அவர் பெயரையும் இப்போதே வக்காலத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது. "திரும்ப முடியுமா" என்று கேட்டீர்கள். தோற்ற வக்கீலை மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். தன் கேஸை நடுவில் போட்டுவிட்டுப் போன வக்கீலைத்தான் மறக்க மாட்டார்கள்.

வீடு

"அவுக ஐயாவோட அப்பச்சி கட்டின வீடு, பதினோரு புள்ளி" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது மூதாதையர் சொத்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூதாதையர் சொத்தில் உங்கள் மகனுக்கும் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு இருக்கிறது. மகளின் உரிமை 2005 திருத்தத்தால் வந்தது. 2020ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குடும்பத் தலைவர் விற்கலாம், ஆனால் குடும்பத்தின் அவசியத் தேவைக்கு என்று காட்ட வேண்டும். அப்பாவின் தேர்தல் செலவு குடும்பத்தின் அவசியத் தேவை என்று ஒரு நீதிபதியை ஒப்புக்கொள்ள வைக்க எனக்குத் தைரியம் இல்லை. பிள்ளைகள் பின்னால் வழக்குப் போட்டால் கிரயம் ஆடும். எல்லாமே ஆவணத்தைப் பொறுத்தது. பழைய பாகப் பத்திரம், உயில் ஏதாவது இருந்தால் கணக்கு மாறும். மரப்பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

உங்களுக்கு அந்த வீட்டில் உரிமையாளர் பங்கு கிடையாது, ஆச்சி. மனைவி என்பதால் நேரடிப் பங்கு வராது. கசப்பாக இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டியது. நீங்கள் கையெழுத்துப் போட மறுத்தால் விற்பனை நின்றுவிடும் என்று நினைத்து நிம்மதியாக இருக்க வேண்டாம்.

இருந்தாலும் அந்தப் பங்கை வாங்க ஆள் கிடைப்பதே கஷ்டம். பிரிக்காத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், சொத்து மாற்றச் சட்டம் 44ஆவது பிரிவுப்படி அவருக்குக் கூட்டு அனுபவம் கேட்க உரிமை இல்லை. பாகம் கேட்டு வழக்குப் போட்டால், மற்றப் பங்காளிகள் மதிப்புப் போட்டு அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். 1893ஆம் வருடப் பிரிவினைச் சட்டம் நான்காவது பிரிவு. இது தெரிந்த எவரும் பாதி விலைதான் கேட்பார். வாங்கக்கூடிய ஆள் உங்கள் பங்காளிகளில் ஒருவர்தான். அவசரத்துக்கு விற்கிறீர்கள் என்று முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்தால் விலை இன்னும் இறங்கும்.

வளவில் உள்ள பர்மா தேக்குத் தூணையும் கதவையும் கழற்றிக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்கு அனுப்பலாம் என்று யாரோ யோசனை சொன்னார்களாமே. அது பதினோரு புள்ளிக்கும் பொது. ஒரு புள்ளி கழற்றினால், பாகப்பிரிவினை வழக்கு நடத்தும் வக்கீலே பாகப்பிரிவினை வழக்கில் பிரதிவாதி ஆவார்.

நகை, வேட்புமனு, இரண்டு கேஸ்

உங்கள் நகை உங்களுடையது. திருமணத்தில் உங்களுக்குப் பிறந்த வீட்டார் போட்டதும் புகுந்த வீட்டார் போட்டதும் ஸ்ரீதனம். 1985லிருந்து உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது, 2024லும் சொன்னது. கணவர் ஆபத்துக்கு எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தர வேண்டிய கடமை அவருக்கு உண்டு. தேர்தல் ஆபத்தா என்று கேட்டால் சிரித்துவிடுவேன். உங்கள் பக்கம் சீர் சாமான் முழுக்கப் பட்டியல் எழுதி வைக்கும் பழக்கம் இருக்கிறதே, அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நாளைக்குத் தேவைப்பட்டால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்தால் அதைத் தடுக்க நான் யார். ஆனால் உங்கள் பெயரில் அடகு வையுங்கள், ரசீது உங்கள் கையில் இருக்கட்டும், எத்தனை பவுன் என்று குறித்து அவருக்குக் கொடுத்த கடனாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது அவருடைய பிரமாணப் பத்திரத்தில் கடன் பட்டியலிலும் ஏறிவிடும்.

அந்தப் பிரமாணப் பத்திரம்தான் உங்களுக்குப் பயமாக இருக்கிறது. படிவம் 26 என்று பெயர். வேட்பாளர், அவர் மனைவி, கூட்டுக்குடும்பம், சார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லோருடைய சொத்து, கடன், ஐந்து வருட வருமான வரி விவரம், வருமானத்தின் மூலம் எல்லாம் எழுத வேண்டும். நகை எத்தனை கிராம், என்ன மதிப்பு என்பதும் வரும். இணையத்தில் போடுவார்கள், யாரும் பார்க்கலாம். அதனால் உங்கள் உரிமை ஒரு குன்றிமணி குறையாது. மனைவியின் சொத்து என்று எழுத்தில் பதிவாகிறது என்பது ஒரு விதத்தில் உங்களுக்கே பலம். காலியாக விட்டால் மனுவையே தள்ளலாம் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொய் எழுதினால் ஆறு மாதம் வரை சிறை. உங்கள் நாத்தனாரும் அதைப் படிப்பார். அது வேறு விஷயம், அதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை.

மறியல் கேஸ் இரண்டும் நிலுவையில் இருப்பதால் மட்டும் தடை வராது. பொதுவாக, இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை விழுந்தால்தான் தகுதி போகும். ஓட்டுக்குப் பணம் போன்ற சில குற்றங்களுக்குத்தான் அபராதமே போதும். ஆனால் இரண்டையும் வேட்புமனுவில் காட்ட வேண்டும், பத்திரிகையிலும் டி.வி.யிலும் மூன்று முறை விளம்பரமும் கொடுக்க வேண்டும். திருட்டுக் கேஸில் ஒருவருக்காக அவர் வாதாடியது அவர் மேல் உள்ள கேஸ் ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. மருத்துவர் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தால் அவருக்கே காய்ச்சலா?

15 லட்சமும் மூன்று கோடியும்

சீட் வாங்கித் தருகிறேன் என்பவருக்குக் கொடுக்கும் 15 லட்சத்தைப் பற்றி நான் இரண்டு வாக்கியம்தான் சொல்வேன். சட்டவிரோதமான காரியத்துக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டால் கோர்ட் இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் பார்க்கும். ஒப்பந்தச் சட்டம் 23ஆவது பிரிவு. உங்கள் வீட்டுக்காரர் இதை ஒரு கட்சிக்காரருக்கு எத்தனையோ முறை விளக்கியிருப்பார், தனக்கு என்று வரும்போது மறந்துவிட்டார்.

சட்டமன்ற வேட்பாளருக்குத் தமிழ்நாட்டில் செலவு வரம்பு 2022 ஜனவரியிலிருந்து 40 லட்சம். ஒரு தொகுதியில் மூன்று லட்சம் வாக்காளர் என்று வைத்தால், தலைக்குப் பதிமூன்று ரூபாய் சொச்சம். ஒரு டீயும் அதற்குள் அடங்காது. இதற்காகத் தனி வங்கிக் கணக்கு, தினசரிக் கணக்கு, 10,000 ரூபாய்க்கு மேல் போனால் காசோலை, முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கணக்கு ஒப்படைப்பு. ஒப்படைக்காவிட்டால் மூன்று வருடம் தகுதி நீக்கம். வரம்பை மீறியதாக நிரூபணம் ஆனால் அது ஊழல் நடவடிக்கை. ஜெயித்த பதவியே போகலாம், எதிர்த் தரப்புக்கு 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட உரிமை இருக்கிறது. ஆக மூன்று கோடி என்று ஊர் பேசும்போது, மீதி இரண்டு கோடி அறுபது லட்சம் எதற்கு என்று அவரிடம் கேளுங்கள். அவர் வாயால் சொல்லட்டும். டெபாசிட் 10,000 ரூபாய்தான். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அதுவும் போகும்.

சாதிக் கணக்குச் சொல்லி ஓட்டுக் கேட்பது இதே ஊழல் நடவடிக்கை வரிசையில்தான் வருகிறது. ஏஜென்ட் கேட்டாலும் வேட்பாளரைப் பாதிக்கும். "நம்ம ஆளுக பாத்துக்குவாக" என்று மைக்கில் பேசும் உறவுக்காரரைக் கையைக் கட்டி உட்கார வைக்க வேண்டும். அது சிரமம்.

என்னைக் கேட்டால், சட்டமன்றத்தை விட்டுவிட்டு நகராட்சி வார்டில் நிற்கச் சொல்வேன். ராஜாஜி ஆறு வருடம் உறுப்பினராக இருந்த பிறகுதான் சேலம் நகராட்சித் தலைவரானார் என்று மேலே சொன்னது அதற்காகத்தான். வார்டு என்றால் சில ஆயிரம் ஓட்டு, ஒவ்வொரு தெருவும் அவருக்குத் தெரியும், கோர்ட்டுக்கும் போய்க்கொண்டிருக்கலாம். ஒரு எச்சரிக்கை: உறுப்பினராக இருந்துகொண்டு அதே நகராட்சிக்கு எதிராக வழக்கு நடத்துவதும், சம்பளம் வாங்கிக்கொண்டு அதற்காக வாதாடுவதும் பதவியையே கவிழ்க்கலாம். கையில் அப்படி ஏதாவது வழக்கு இருந்தால் முன்கூட்டியே விட்டுவிட வேண்டும். வார்டு ஒதுக்கீடும் பார்க்கணும். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. உங்கள் வார்டு பெண்களுக்கு வந்துவிட்டால் அடுத்த கடிதம் அவர் எனக்கு எழுத வேண்டியிருக்கும், நீங்கள் நிற்கலாமா என்று கேட்டு. ஒன்பது பக்கம் எழுதும் ஆள் நீங்கள், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

வட்டச் சட்டப் பணிகள் குழுவில் பேனல் வக்கீலாக இருந்து ஏழைகளுக்கு வழக்கு நடத்துவதும் ஒரு வழி. ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்டேஷனுக்கு ஓடுகிற ஆளுக்கு அது பிடிக்கும். ஆனால் மாலை, மேடை, மைக் கிடையாது. அதனால் ஒப்புக்கொள்வாரா என்று எனக்குச் சந்தேகம்.

அந்த இரண்டு செக்

கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது பக்கத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அதுதான்.

பொதுவாக, கணவர் வாங்கிய கடனுக்கு மனைவி பொறுப்பல்ல. பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டாலும் பொறுப்பு வராது. ஜாமீன்தார் என்று போட்டால் கடன் வாங்கியவருக்குச் சமமான பொறுப்பு வந்துவிடும். அவர் காலத்துக்குப் பிறகுகூட, அவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் கடன்காரர் கேட்க முடியும். இது வரைக்கும் உங்கள் பயம் தேவையற்றது.

ஆனால் உங்கள் கணக்கில், உங்கள் கையெழுத்தில் உள்ள செக் உங்களைத்தான் பிடிக்கும். தொகை எழுதவில்லை, அதனால் பயமில்லை என்பது தப்பு. வெற்றுக் காசோலையில் மனமொப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், வாங்கியவர் தொகையை நிரப்பிக்கொள்ளலாம். கடனுக்காகக் கொடுத்தது என்றே கோர்ட் முதலில் அனுமானிக்கும், இல்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். 2019ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பணம் இல்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆவது பிரிவில் குற்ற வழக்கு, இரண்டு வருடம் வரை சிறை, தொகையின் இரு மடங்கு வரை அபராதம். தேவகோட்டைக் கோர்ட்டில் உங்கள் வீட்டுக்காரரின் நண்பர்களுக்கு முன்னால் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்பதை அவரே விரும்ப மாட்டார். பாங்கில் சொல்லிப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. நிறுத்தி வைத்த செக்குக்கும் 138 வரும்.

ஞாயிற்றுக்கிழமை கட்சி ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் செக் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்து இரண்டு எண்ணையும் குறித்து வையுங்கள். செக் இன்னும் அவர் பையில்தான் இருக்கிறதா, வேறு யார் கைக்காவது போய்விட்டதா என்று கேளுங்கள். பையில் இருந்தால் வாங்கி, குறுக்கே கோடு போட்டு ‘ரத்து’ என்று எழுதி, உங்கள் பீரோவில் வையுங்கள். வேறு கைக்குப் போயிருந்தால், எதற்காக, எந்தத் தேதியில், தொகை எழுதாமல் கொடுக்கப்பட்டது என்று அந்த ஆளுக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போக வேண்டும். அந்தக் கடிதத்தை உங்கள் வீட்டுக்காரரே எழுதிக் கொடுப்பார். இதே கடிதத்தைக் கட்சிக்காரர்களுக்காக அவர் நூறு முறை எழுதியிருப்பார். சனிக்கிழமைக்குள் போட்டுவிடுங்கள், ஞாயிறு தபாலாபீஸ் லீவு.